பகிர்வு ஸ்டோரேஜில் விஎம் பேக்கப்: வேகத்தை எங்கே தேடுவது

பேக்கப்புக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்றதும் பலரும் முதலில் கை வைப்பது, ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையில்தான். 4 இருந்ததை 8 ஆக்குவார்கள், 8 போதாவிட்டால் 16. பல சர்வர்கள் சேர்ந்து பயன்படுத்தும் பகிர்வு ஸ்டோரேஜில் இது பெரும்பாலும் நிலைமையை இன்னும் மோசமாக்கும். அங்கே பேக்கப்புக்கென்று தனி டிஸ்க் கிடையாது. பயனர்களின் விஎம்கள் (விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளால் ஆன கணினிகள்) எந்த டிஸ்க்குகளில், எந்தக் கன்ட்ரோலரில், எந்த நெட்வொர்க் பாதையில் ஓடுகின்றனவோ, அவற்றிலேயேதான் பேக்கப்பும் படிக்கிறது. ஒரு விஎம்மைப் படிக்கும் வேகத்தை இழுத்துப் பிடித்து ஏற்றினால், பக்கத்தில் இருக்கும் டேட்டாபேஸ் விஎம் திணறும்.

ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி "எப்படி வேகமாகப் படிப்பது" என்பதல்ல. எப்படிக் குறைவாகப் படிப்பது, ஸ்னாப்ஷாட்டை (பேக்கப்புக்காக டிஸ்க்கின் ஒரு கண நிலையைப் பிடித்து வைப்பதை) எப்படிச் சீக்கிரம் மூடுவது என்பதுதான். வன்பொருள் வாங்குவதெல்லாம் இந்த இரண்டும் சரியான பிறகு.

முதலில் கணக்கு, பிறகு அளவீடு

1 ஜிகாபிட் இணைப்பின் உச்சம் நொடிக்கு 125 எம்பி. நடைமுறையில் 110 எம்பியைத் தாண்டிவிட்டால் அந்த இணைப்பு நிறைந்துவிட்டது என்று பொருள். 10 ஜிகாபிட்டில் 1,100 எம்பி வரை எதிர்பார்க்கலாம். 20 டிபி அளவுள்ள விஎம்களை முழுதாக எடுக்க 110 எம்பி வேகத்தில் ஏறத்தாழ 50 மணி நேரம், 1,100 எம்பி வேகத்தில் 5 மணி நேரம் ஆகும். ஆனால் ஒரு நாளில் மாறுவது அதில் 5 சதவீதம் மட்டும் என்றால் எடுக்க வேண்டியது 1 டிபிதான். 1 ஜிகாபிட்டிலேயே அது இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் தினசரி இன்கிரிமென்டல் (மாறியதை மட்டும் எடுக்கும்) பேக்கப் இந்தக் கணக்கைவிடப் பல மடங்கு நேரம் எடுத்தால், தேட வேண்டியது புதிய சுவிட்சை அல்ல.

தரவு செல்லும் பாதையில் நான்கு கண்ணிகள் உண்டு: மூலத்தில் படிப்பது, அதைச் சுருக்கும் ப்ராக்ஸியின் (தரவைப் படித்து அனுப்பும் இடைச் சர்வரின்) சிபியூ, நெட்வொர்க், சேமிக்கும் இடத்தில் எழுதுவது. பேக்கப் மென்பொருள்கள் சில, எந்தக் கண்ணி எத்தனை சதவீதம் நேரம் நிறைந்திருந்தது என்று வேலை முடிவில் காட்டும். அது நல்ல தொடக்கம். அதோடு நிறுத்தாமல் ஒவ்வொன்றையும் தனியாக அளந்து பாருங்கள்.

மூலத்துக்கு எஃப்ஐஓ கருவி போதும். படிப்பு மட்டும், தொடர் வரிசை, பிளாக் அளவு 1 எம்பி, டைரக்ட் ஐஓ (கேஷைத் தவிர்த்த படிப்பு) என்று வைத்து, க்யூ ஆழம் (ஒரே நேரத்தில் அனுப்பும் கோரிக்கைகளின் எண்ணிக்கை) 1-இல் ஒரு முறையும் 16-இல் ஒரு முறையும் ஓட்டுங்கள். விண்டோஸில் இதே வேலையை டிஸ்க்ஸ்பீடு செய்யும். உண்மையான தரவு நிறைந்த டிஸ்க்கையே சோதியுங்கள். புதிதாக உருவாக்கிய, எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும் காலி தின் டிஸ்க்கைப் படித்தால், ஸ்டோரேஜ் எந்த டிஸ்க்கையும் தொடாமல் பூஜ்ஜியங்களைத் திருப்பி அனுப்பிவிடும். அப்போது கிடைக்கும் எண் பிரமாதமாக இருக்கும், பயன் எதுவும் இருக்காது.

இந்த இரண்டு எண்களின் வித்தியாசம் நிறையச் சொல்லும். ஆழம் 1-இல் 60 எம்பி, ஆழம் 16-இல் 600 எம்பி வந்தால் ஸ்டோரேஜில் கோளாறு இல்லை. ஒரு 1 எம்பி கோரிக்கைக்கு 16 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒன்று முடிந்தபின் அடுத்ததைக் கேட்கும் மென்பொருளுக்கு நொடிக்கு 62 எம்பிக்கு மேல் கிடைக்க வழியே இல்லை. அங்கே ஒரே டிஸ்க்குக்குப் பல கோரிக்கைகளை ஒருசேர அனுப்பும் அமைப்பைத் தேட வேண்டும், அல்லது இரண்டு மூன்று டிஸ்க்குகளை இணையாக எடுக்க வேண்டும். இரண்டு ஆழத்திலும் அதே 60 எம்பிதான் என்றால் பாதையிலோ ஸ்டோரேஜிலோ உண்மையான தடை இருக்கிறது.

நெட்வொர்க்கை ஐபெர்ஃப்3 கொண்டு, ஒரே ஸ்ட்ரீமிலும் நான்கு ஸ்ட்ரீமிலும், இரு திசைகளிலும் அளவிடுங்கள். எழுதும் இடத்தில் மீண்டும் எஃப்ஐஓ. சோதனைக் கோப்பு அந்தச் சர்வரின் ராம் அளவைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு இருக்கட்டும். இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது டிஸ்க்கை அல்ல, கேஷை. சிபியூவைப் பார்க்கும்போது சராசரியை நம்பாதீர்கள். 8 கோர் ப்ராக்ஸியில் 12 சதவீதப் பயன்பாடு என்று தெரிந்தால், ஒரே ஒரு கோர் 100 சதவீதத்தில் சுருக்கிக்கொண்டிருக்க மற்ற ஏழும் சும்மா இருக்கின்றன என்றுகூட அர்த்தம் ஆகலாம். ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற விஎம் தளத்தில் விஇசட்டம்ப் என்ற பேக்கப் கருவி மூலம் இசட்ஸ்டான்டர்ட் முறையில் சுருக்கும்போது அடிக்கடி காண்பது இதுதான். அதன் இயல்பு அமைப்பு ஒரே த்ரெட். த்ரெட் மதிப்பை 0 என்று வைத்தால் இருக்கும் கோர்களில் பாதியை எடுத்துக்கொள்ளும்.

பேக்கப் ஓடும்போதே லேட்டன்சியையும் (ஒரு கோரிக்கைக்குப் பதில் வர ஆகும் நேரத்தையும்) கவனியுங்கள். விஎம்வேரில் இஎஸ்எக்ஸ்டாப் கருவி காட்டும் டிஏவிஜி என்பது ஸ்டோரேஜ் எடுத்துக்கொண்ட நேரம், கேஏவிஜி என்பது ஹோஸ்ட்டின் (விஎம்களை ஓட்டும் சர்வரின்) கெர்னலில் காத்திருந்த நேரம். டிஏவிஜி 20-25 மில்லிசெகண்டைத் தாண்டி நீடித்தால் ஸ்டோரேஜ் திணறுகிறது. கேஏவிஜி 2-ஐத் தாண்டினால் க்யூ நிரம்பி வழிகிறது. லினக்ஸ் ஹோஸ்ட்டில் ஐஓஸ்டாட் தரும் காத்திருப்பு நேரங்கள் இதே வேலையைச் செய்யும்.

மாறிய பிளாக்குகளை மட்டும் படிப்பது

எல்லாவற்றிலும் பெரிய லாபம் இங்கேதான். விஎம்களை ஓட்டும் மென்பொருளான ஹைப்பர்வைசர் எந்த பிளாக் (டிஸ்க்கின் சிறு துண்டு) மாறியது என்று குறித்து வைத்துக்கொண்டால், 2 டிபி டிஸ்க்கில் மாறிய 40 ஜிபியை மட்டும் படித்தால் போதும். விஎம்வேரில் இது சிபிடி. விஸ்பியர் 4.0 முதல் இருக்கிறது. விஎம்மின் ஹார்டுவேர் வெர்ஷன் 7 அல்லது அதற்கு மேல் வேண்டும். மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வியில் ஆர்சிடி, விண்டோஸ் சர்வர் 2016-இல் வந்தது. லினக்ஸின் கேவிஎம் பக்கம், விஎம்மை ஓட்டும் நிரலான க்யூஇஎம்யூவின் டர்ட்டி பிட்மேப்.

இது உடைந்துபோனால் பல நேரங்களில் பிழைச் செய்தி எதுவும் வராது. பேக்கப் பச்சை நிறத்திலேயே முடியும். வேலையின் பதிவேட்டைத் திறந்து இரண்டு எண்களைப் பாருங்கள்: படித்தது எவ்வளவு, அனுப்பியது எவ்வளவு. படித்தது முழு டிஸ்க் அளவு, அனுப்பியது சில ஜிபி என்றால் மென்பொருள் ஒவ்வொரு இரவும் டிஸ்க்கை முழுக்கப் படித்து, ஒப்பிட்டு, மாறியதை மட்டும் அனுப்புகிறது. நெட்வொர்க் காலியாக இருக்க, ஸ்டோரேஜ் மட்டும் வியர்த்துக்கொண்டிருக்கும்.

விஎம்வேரில் வழக்கமான காரணங்கள்: பழைய ஹார்டுவேர் வெர்ஷன், ஏற்கனவே ஸ்னாப்ஷாட் இருந்த நிலையில் சிபிடியை இயக்கியது, இன்டிபென்டன்ட் வகை டிஸ்க், பிசிக்கல் முறை ஆர்டிஎம் (ஸ்டோரேஜின் டிஸ்க்கை விஎம்முக்கு நேரடியாகக் கொடுப்பது), ஹோஸ்ட் திடீரென்று விழுந்தபின் பயனற்றுப்போன ட்ராக்கிங் கோப்பு. இவற்றில் இன்டிபென்டன்ட், பிசிக்கல் ஆர்டிஎம் ஆகிய இரண்டு டிஸ்க் வகைகளுக்கும் ஸ்னாப்ஷாட்டே எடுக்க முடியாது. அவற்றுக்கு விஎம்முக்குள் ஏஜென்ட் வைத்துத்தான் எடுக்க வேண்டும். மற்றவற்றுக்குச் சிபிடியை மீட்டமைக்கலாம். எல்லா ஸ்னாப்ஷாட்டையும் நீக்குங்கள், விஎம்மை அணையுங்கள், சிபிடியை நிறுத்துங்கள், விஎம்மின் கோப்புறையில் பெயரின் முடிவில் சிடிகே என்று வரும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், மீண்டும் இயக்குங்கள். அடுத்த பேக்கப் ஒரு முறை முழு டிஸ்க்கையும் படிக்கும். பத்து விஎம்களுக்கு ஒரே நாளில் செய்தால் அன்றிரவு பத்து முழுப் படிப்பு நடக்கும் என்பதால் இரண்டிரண்டாகப் பிரித்துச் செய்யுங்கள்.

ஹைப்பர்-வியில் ஹோஸ்ட்டை மட்டும் புதுப்பித்துவிட்டு விஎம்மின் கான்ஃபிகரேஷன் வெர்ஷனைப் பழைய 5.0-இலேயே விட்டிருப்பார்கள். ஆர்சிடி வேலை செய்ய அதை 8.0-க்கு உயர்த்த வேண்டும். விஎம் அணைந்திருக்கும்போதுதான் முடியும், திரும்பிப் பழைய வெர்ஷனுக்குப் போகவும் முடியாது. க்ளஸ்டரில் எல்லா நோடும் (ஹோஸ்ட்டும்) புதுப்பிக்கப்பட்டு, க்ளஸ்டரின் ஃபங்ஷனல் லெவலையும் உயர்த்திய பிறகே இதைச் செய்யுங்கள்.

ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வருக்கு எடுக்கும்போது பிட்மேப் ஓடிக்கொண்டிருக்கும் க்யூஇஎம்யூ ப்ராசஸின் நினைவகத்தில் இருக்கிறது. விஎம்மை வெளியிலிருந்து நிறுத்தித் தொடங்கினால் அது போய்விடும். விஎம்முக்குள் ரீபூட் செய்தால் போகாது. மின்சாரம் மிச்சம் என்று இரவுதோறும் சில விஎம்களை அணைத்துக் காலையில் எழுப்பும் இடங்களில், அந்த விஎம்கள் ஒவ்வொன்றும் தினமும் முழுதாகப் படிக்கப்படுகின்றன. அனுப்புவது குறைவாகவே இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ட்ராக்கிங் சரியாக இருந்தும் இன்கிரிமென்டல் பெரிதாக வந்தால் விஎம்மின் உள்ளே பாருங்கள். டிஃப்ராக் ஓடினால் கோப்பில் ஒரு எழுத்துகூட மாறாமல் பிளாக்குகள் இடம் மாறும். ஹைப்பர்வைசருக்கு அவையெல்லாம் புதிய பிளாக்குகள். ஸ்டோரேஜில் இருக்கும் விஎம் டிஸ்க்குக்கு டிஃப்ராக் தேவையே இல்லை, அட்டவணையிலிருந்து எடுத்துவிடுங்கள். பேஜ் ஃபைல், ஸ்வாப், தற்காலிகக் கோப்புகளைத் தனி விர்ச்சுவல் டிஸ்க்குக்கு மாற்றி, அந்த டிஸ்க்கைப் பேக்கப்பிலிருந்து விலக்குங்கள். இன்னொன்று, டேட்டாபேஸ் நிர்வாகி தனியாக இரவு 11 மணிக்கு 300 ஜிபி டம்ப் ஒன்றை அதே விஎம்மின் டிஸ்க்கில் எழுதுவது. நள்ளிரவு பேக்கப் அந்த 300 ஜிபியையும் மாறிய பிளாக் என்று எடுக்கும். டம்பை வேறொரு நெட்வொர்க் ஷேருக்குத் திருப்புவது ஒரு மணி நேர வேலை. வேறு எந்த மாற்றமும் இவ்வளவு மலிவாக இவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தாது.

லினக்ஸ் விஎம்களில் எஃப்எஸ்ட்ரிம் (காலியான பிளாக்குகளை ஸ்டோரேஜுக்குத் தெரிவிக்கும் கருவி) வாரம் ஒரு முறை ஓடட்டும், விர்ச்சுவல் டிஸ்க்கில் டிஸ்கார்ட் இயக்கத்தில் இருக்கட்டும். அழித்த கோப்புகளின் பிளாக்குகள் முழுப் பேக்கப்பில் மீண்டும் மீண்டும் பயணம் செய்யாது.

தரவு எந்த வழியாக வெளியே வருகிறது

விஎம்வேரில் மூன்று வழிகள். மென்பொருள் தானாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிட்டால், முதல் இரண்டும் ஏதோ காரணத்தால் தோற்று, சத்தமில்லாமல் மூன்றாவதுக்கு வந்து நிற்கும். வேலைப் பதிவேட்டில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் எந்த வழி பயன்பட்டது என்று எழுதியிருக்கும்; அதைப் பார்க்காமல் மேற்கொண்டு எதையும் மாற்றாதீர்கள்.

சான் (ஸ்டோரேஜுக்கான தனி நெட்வொர்க்) வழியில், ஃபைபர் சேனல் அல்லது ஐஸ்கசி மூலம், ஸ்டோரேஜ் ஒதுக்கிய டிஸ்க் பகுதியான லன்னை ப்ராக்ஸி நேரடியாகப் படிக்கிறது. ஹோஸ்ட்டுக்குச் சுமை இல்லை, வேகம் மிக நன்று. ஆனால் ப்ராக்ஸி விண்டோஸ் என்றால் ஒரு பெரிய ஆபத்து: டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரியாத டிஸ்க் ஒன்று வந்திருக்கிறதே என்று யாராவது இனிஷியலைஸ் செய்துவிட்டால், விஎம்களின் கோப்புகள் இருக்கும் விஎம்எஃப்எஸ் வால்யூமே போய்விடும். லன்னை இணைக்கும் முன்பே டிஸ்க்பார்ட்டில் ஆட்டோமவுன்ட்டை நிறுத்தி, சான் பாலிசியை ஆஃப்லைன் ஷேர்டு என்று வையுங்கள். ஸ்டோரேஜ் அனுமதித்தால் அந்த ப்ராக்ஸிக்கு லன்களைப் படிப்பு உரிமையோடு மட்டும் காட்டுங்கள். விஎம்வேரின் வேறு இரண்டு ஸ்டோரேஜ் முறைகளான விசானிலும் விவாலிலும் இந்த வழி கிடையாது.

ஹாட்ஆட் வழியில் ப்ராக்ஸியே ஒரு விஎம். எடுக்கப்படும் விஎம்மின் டிஸ்க்கைத் தன்னோடு இணைத்துக்கொண்டு படிக்கும். அதற்கு அந்த டிஸ்க் இருக்கும் டேட்டாஸ்டோர் (விஎம் கோப்புகளைச் சேமிக்கும் இடம்) ப்ராக்ஸி ஓடும் ஹோஸ்ட்டுக்கும் தெரிய வேண்டும். பெரிய டிஸ்க்குகளுக்கு இது அருமையான வழி. ஒவ்வொரு டிஸ்க்கையும் மாட்டவும் கழற்றவும் நேரம் பிடிப்பதால், மாறியது 1 ஜிபி மட்டும் இருக்கும் சின்ன விஎம்கள் நூறு இருந்தால் மாட்டிக் கழற்றுவதிலேயே இரவு போய்விடும். ப்ராக்ஸி விஎம்முக்குச் சிபிடியை நிறுத்தி வையுங்கள், அதையே பேக்கப் எடுக்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

ஹாட்ஆட்டில் இரண்டு கோளாறுகள் அடிக்கடி வரும். பேக்கப் நடுவில் அறுந்தால் டிஸ்க் ப்ராக்ஸியிலேயே மாட்டிக்கொண்டு நிற்கும். மூல விஎம் கன்சாலிடேஷன் (மிச்ச ஸ்னாப்ஷாட் கோப்புகளை மூல டிஸ்க்கோடு சேர்த்தல்) தேவை என்று எச்சரிக்கும், ஆனால் கோப்பு பூட்டியிருப்பதால் கன்சாலிடேட் ஆகாது. ப்ராக்ஸியின் ஹார்டுவேர் பட்டியலில் அந்த அந்நிய டிஸ்க்கைக் கண்டுபிடித்து நீக்குங்கள். நீக்கும்போது டேட்டாஸ்டோரிலிருந்தும் கோப்புகளை அழி என்ற பெட்டியில் குறியிடவே கூடாது. குறியிட்டால் அழிவது உற்பத்திச் சர்வரின் டிஸ்க்.

இரண்டாவது, என்எஃப்எஸ் 3 (நெட்வொர்க் வழிக் கோப்புப் பகிர்வு) டேட்டாஸ்டோர். ப்ராக்ஸி ஒரு ஹோஸ்ட்டிலும் எடுக்கப்படும் விஎம் வேறொரு ஹோஸ்ட்டிலும் இருந்தால், என்எஃப்எஸ் பூட்டு முறையின் காரணமாக, ஸ்னாப்ஷாட் நீக்கும் நேரத்தில் விஎம் 30 நொடி வரை உறைந்து நிற்கும். க்ளஸ்டர் சாஃப்ட்வேர் ஓடும் விஎம் என்றால் அதற்குள் ஃபெயில்ஓவரே (வேலை இன்னொரு விஎம்முக்கு மாறுவதே) ஆகிவிடும். ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஒரு ப்ராக்ஸி வைத்து, அதே ஹோஸ்ட்டின் விஎம்களை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள்; அல்லது என்எஃப்எஸ் ஷேரை நேரடியாகப் படிக்கும் வசதி மென்பொருளில் இருந்தால் அதற்கு மாறுங்கள்.

மூன்றாவது என்பிடி, ஹோஸ்ட்டின் நெட்வொர்க் வழி. அமைப்பது எளிது, எங்கும் வேலை செய்யும். இயல்பாக இது மேனேஜ்மென்ட் போர்ட்டில் போகும். அந்தப் போர்ட் 1 ஜிகாபிட் என்றால் ஸ்டோரேஜ் எவ்வளவு வேகமாக இருந்தும் பயனில்லை. விஸ்பியர் 7.0 முதல் பேக்கப் என்எஃப்சி (பேக்கப் தரவை நெட்வொர்க்கில் அனுப்பும்) சேவையைத் தனி விஎம்கெர்னல் போர்ட்டுக்கு ஒதுக்கலாம். 10 ஜிகாபிட் கார்டில் ஒரு போர்ட்டை இதற்கு ஒதுக்கினால், சிறு இன்கிரிமென்டல்கள் நிறைந்த இடத்தில் ஹாட்ஆட்டை என்பிடி முந்துவது உண்டு.

ஹைப்பர்-வி க்ளஸ்டரில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். சானில் இருக்கும் சிஎஸ்வியை (எல்லா நோடும் பகிரும் வால்யூமை) ஆர்இஎஃப்எஸ் ஃபைல்சிஸ்டமாக ஃபார்மேட் செய்தால் அது எப்போதும் ரீடைரக்டட் முறையில் ஓடும்: எல்லா நோடின் படிப்பும் எழுத்தும் அந்த வால்யூமை நிர்வகிக்கும் கோஆர்டினேட்டர் நோடு வழியாகத்தான். சானில் என்டிஎஃப்எஸ் வையுங்கள். நோடுகளின் உள் டிஸ்க்குகளைச் சேர்க்கும் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டுக்கு இந்த அறிவுரை பொருந்தாது.

ஸ்னாப்ஷாட் திறந்திருக்கும் நேரம்

விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுத்தவுடன் புதிய எழுத்துகள் டெல்டா கோப்புக்குப் போகின்றன. பேக்கப் முடிந்ததும் அந்த டெல்டாவை மூல டிஸ்க்கில் மீண்டும் எழுத வேண்டும். பேக்கப் 6 மணி நேரம் ஓடினால் 6 மணி நேர எழுத்து முழுவதும் சேர்ந்து, ஒரே மூச்சில், பகிர்வு ஸ்டோரேஜின் மேல் இறங்கும். பேக்கப் முடிந்த பிறகு சர்வர் மந்தமாகிறது என்று பயனர்கள் சொன்னால் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஸ்னாப்ஷாட் 72 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது, சங்கிலியில் இரண்டு மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பதே விஎம்வேரின் பரிந்துரை.

அதனால் அதிகம் எழுதும் விஎம்களை எழுத்து குறைந்த நேரத்துக்கு நகர்த்துங்கள். ஒரு டேட்டாஸ்டோரில் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் ஸ்னாப்ஷாட்டுகளுக்கு உச்சவரம்பு வையுங்கள். 4 நல்ல தொடக்கம். 12 டிஸ்க் உள்ள விஎம்மின் ஸ்னாப்ஷாட், அதன் மிக மெதுவான டிஸ்க் முடியும்வரை 12 டிஸ்க்குக்கும் திறந்தே இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். அப்படிப்பட்ட விஎம்முக்கு இணையாக எடுக்கும் டிஸ்க் எண்ணிக்கையை ஏற்றுவதில் நியாயம் உண்டு.

ஸ்டோரேஜின் சொந்த ஸ்னாப்ஷாட்டோடு பேசத் தெரிந்த பேக்கப் மென்பொருள் இருந்தால், தயங்காமல் அதைப் பயன்படுத்துங்கள். விஎம் ஸ்னாப்ஷாட் எடுத்து, உடனே ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட் எடுத்து, விஎம் ஸ்னாப்ஷாட்டை அப்போதே நீக்கிவிடும். படிப்பெல்லாம் ஸ்டோரேஜ் ஸ்னாப்ஷாட்டிலிருந்து. 6 மணி நேரம் திறந்திருந்தது சில நிமிடமாகச் சுருங்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: படிக்கும் சுமை அதே டிஸ்க்குகளில்தான் விழுகிறது. குறைவது டெல்டா மட்டுமே.

ப்ராக்ஸ்மாக்ஸின் நடைமுறை வேறு. ஸ்டோரேஜில் ஸ்னாப்ஷாட் எடுக்காமல், க்யூஇஎம்யூவே பேக்கப்பை நடத்துகிறது. இன்னும் எடுக்கப்படாத பிளாக்கில் விஎம் எழுத வந்தால், பழைய தரவைப் பேக்கப் இலக்குக்கு முதலில் அனுப்பிவிட்டுத்தான் அந்த எழுத்து நடக்கும். ஆகவே பேக்கப் சர்வர் மெதுவானால் ஓடும் விஎம்மும் மெதுவாகும். இடையில் இணைப்பு தொங்கினால் விஎம்மின் எழுத்தும் தொங்கும். ஸ்டோரேஜ் முழுக்க என்விஎம்இ ஆக இருந்தும் இரவில் விஎம்கள் உறைகின்றன என்றால் காரணம் மறுமுனையில் இருக்கும் பழைய ஹார்டு டிஸ்க்குகள்.

இதற்கான மருந்து 2024-இல் வந்த ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ 8.2-இன் ஃப்ளீசிங். பழைய பிளாக்கை இலக்குக்கு அனுப்பாமல், பக்கத்திலேயே ஒரு தற்காலிக டிஸ்க்கில் போட்டுவிட்டு விஎம்மின் எழுத்தை உடனே அனுமதிக்கும். அந்தத் தற்காலிக இடம் ஹோஸ்ட்டின் உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில், தின் முறையும் டிஸ்கார்டும் உள்ள எல்விஎம்-தின் அல்லது இசட்எஃப்எஸ் ஆக இருக்கட்டும். அதே பகிர்வு ஸ்டோரேஜில் வைத்தால் நெட்வொர்க்கின் தாமதத்திலிருந்து தப்பிக்கலாம், ஸ்டோரேஜின் சுமை கூடத்தான் செய்யும். இடம் எவ்வளவு வேண்டும் என்பது பேக்கப் ஓடும் நேரத்தில் எவ்வளவு எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. அது நிரம்பினால் தோற்பது பேக்கப்தான், விஎம் அல்ல. எனவே தாராளமாக ஒதுக்குங்கள்.

எத்தனை வேலைகள் ஒருசேர

இப்போது அந்த எண்ணைத் தொடலாம். ஒரு வேலைக்கு ஒரு கோரும் 2 ஜிபி ராமும் ப்ராக்ஸியில் இருக்க வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. ஒரே தொகுதி விஎம்களை 2, 4, 6, 8 என்று ஒவ்வோர் இரவும் ஏற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் மொத்த வேகத்தையும் டேட்டாஸ்டோரின் லேட்டன்சியையும் எழுதி வையுங்கள். மொத்த வேகம் 10 சதவீதம்கூட ஏறாமல் லேட்டன்சி மட்டும் ஏறினால் அதற்கு முந்தைய எண்ணே உங்களுடையது. ஹார்டு டிஸ்க் ஸ்டோரேஜில் இணையாக ஓடும் தொடர் படிப்புகள் பல சேர்ந்தால் டிஸ்க்குக்கு அது சிதறிய படிப்புதான். அதனால் அங்கே அந்த எண் சிறிதாகவே நிற்கும்.

லேட்டன்சியைப் பார்த்துத் தானே அடங்கும் வசதி மென்பொருளில் இருந்தால், 20 மில்லிசெகண்டில் புதிய வேலை தொடங்காமலும் 30-இல் ஓடுவதை மெதுவாக்கியும் வையுங்கள். நிலையான வேக வரம்பு இதைவிட மோசமான கருவி. ஸ்டோரேஜ் சும்மா இருக்கும் நேரத்திலும் அது பேக்கப்பைப் பிடித்து இழுக்கும், ஸ்னாப்ஷாட்டின் ஆயுளை நீட்டும். வரம்பு வைத்தே ஆக வேண்டிய இடத்தில் அலகைச் சரிபாருங்கள்: விஇசட்டம்பின் வரம்பு நொடிக்குக் கிபிபைட் கணக்கில். 100 எம்பி என்று எண்ணி 100 என்று எழுதினால், நொடிக்கு 100 கிபிபைட்தான் கிடைக்கும்.

ஸ்டோரேஜின் ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக்கும் அமைப்பு) சரிபார்ப்பு, ரெப்ளிகேஷன், ஆன்ட்டிவைரஸ் முழு ஸ்கேன், பேக்கப் சர்வரின் கார்பேஜ் கலெக்ஷன் (தேவையற்ற துண்டுகளை அழிக்கும் வேலை) ஆகியவற்றின் நேரங்களை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் குறைந்தது இரண்டு வேலைகள், எல்லாருக்கும் பிடித்த நேரமான ஞாயிறு அதிகாலை 1 மணியில் வந்து மோதும்.

எழுதும் இடம்

7,200 சுழற்சி ஹார்டு டிஸ்க் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 80 சிதறிய ஐஓ (படிப்பு அல்லது எழுத்து) தரும். 12 டிஸ்க்குக்கு 960. ரெய்டு 6-இல் ஒரு சிறு எழுத்துக்குப் பின்னால் 6 ஐஓ, ரெய்டு 5-இல் 4, ரெய்டு 10-இல் 2. பேக்கப் முடிந்ததும் பழைய இன்கிரிமென்டலை முழுப் பேக்கப்போடு இணைக்கும் முறையில், ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு படிப்பு, ஓர் எழுத்து. 512 கேபி துண்டுகளாக 1 டிபி என்றால் சுமார் 20 லட்சம் துண்டுகள். ரெய்டு 6-இல் துண்டுக்கு 7 ஐஓ வீதம் 1.4 கோடி. 960-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 மணி நேரம். ரெய்டு 10-இல் அதே வேலை ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள். தோராயக் கணக்குதான், ஆனாலும் பேக்கப் 2 மணி நேரத்தில் முடிந்தபின் வேலை ஏன் காலைவரை இழுக்கிறது என்பது இதில் விளங்கும்.

இணைப்பு வேலையை அடியோடு குறைக்க பிளாக் க்ளோனிங் உள்ள ஃபைல்சிஸ்டம் வையுங்கள். லினக்ஸில் ரெஃப்லிங்க் இயக்கிய எக்ஸ்எஃப்எஸ், விண்டோஸில் 64 கேபி க்ளஸ்டர் அளவுள்ள ஆர்இஎஃப்எஸ். தரவை நகர்த்தாமல் குறிப்புகளை மட்டும் மாற்றுவதால் செயற்கை (பழைய பேக்கப்புகளிலிருந்தே கட்டப்படும்) முழுப் பேக்கப் சில நிமிடங்களில் முடியும். இது ஒரே வால்யூமுக்குள் மட்டுமே வேலை செய்யும். பழைய வால்யூமிலிருந்து சங்கிலியைச் சாதாரணமாக நகலெடுத்துக் கொண்டுவந்தால் பயன் உடனே தெரியாது. புதிய வால்யூமில் ஒரு முழுப் பேக்கப் எழுதிய பிறகே தொடங்கும்.

தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் எஸ்எம்ஆர் வகை ஹார்டு டிஸ்க்குகளைப் பேக்கப் ரெய்டில் போடாதீர்கள். உள் கேஷ் நிரம்பியதும் எழுத்து வேகம் சரிந்துவிடும். ஒத்த பிளாக்குகளை ஒரு முறை மட்டும் சேமிக்கும் டிடூப்ளிகேஷன் சாதனத்துக்கு எழுதினால் மென்பொருளின் சுருக்கலையும் என்க்ரிப்ஷனையும் அதற்கு முன்னால் நிறுத்த வேண்டும். சுருக்கிய தரவில் ஒத்த பிளாக்குகள் கிடைக்காது. ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வரின் டேட்டாஸ்டோரை என்எஃப்எஸ் ஷேரில் வைப்பதையும் தவிருங்கள். லட்சக்கணக்கான சிறு துண்டுக் கோப்புகளைத் தொடும் கார்பேஜ் கலெக்ஷன் அங்கே நாள்கணக்கில் ஓடும்.

நெட்வொர்க்கில் சில

ஜம்போ ஃப்ரேம் (பெரிய நெட்வொர்க் பொதி) வைத்தால் இரு முனையிலும் இடையில் உள்ள ஒவ்வொரு சுவிட்ச் போர்ட்டிலும் எம்டியூ (ஒரு பொதியின் உச்ச அளவு) 9000 இருக்க வேண்டும். துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 8972 பைட் பிங் அனுப்பிச் சோதியுங்கள். 28 பைட் ஹெடர்களோடு சேர்ந்து 9000 ஆகும். ஓர் இடத்தில் 1500 தங்கிவிட்டால் சாதாரண பிங் போகும், இணைப்பு உருவாகும், பெரிய தரவு மட்டும் தொங்கும்.

இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டை எல்ஏசிபியில் (பல போர்ட்டுகளை ஒன்றாக்கும் முறையில்) சேர்த்தால் ஒரே இணைப்புக்கு 2 ஜிகாபிட் கிடைக்காது. ஒவ்வொரு ஸ்ட்ரீமும் ஒரு கம்பியில்தான் போகும். ஐஸ்கசிக்கு எல்ஏசிபி வேண்டாம், மல்டிபாத் (ஒவ்வொரு பாதையையும் தனியாகப் பயன்படுத்தும் முறை) வையுங்கள். விஎம்வேரின் ரவுண்ட் ராபின் இயல்பாக 1000 ஐஓவுக்கு ஒரு முறை பாதை மாறும். ஸ்டோரேஜ் தயாரிப்பாளர் ஏற்றுக்கொண்டால் அதை 1 ஆக்குங்கள்.

மீட்டெடுத்துப் பாருங்கள்

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் மீட்டெடுப்பையும் நேரம் வைத்து அளக்க வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் போகும் என்று நினைத்துவிடக் கூடாது. சான் வழியில் பிரமாதமாக எடுக்கப்பட்ட தின் டிஸ்க்கை அதே வழியில் திரும்ப எழுதினால், ஒவ்வொரு புதிய இடத்துக்கும் ஹோஸ்ட்டிடம் ஒதுக்கீடு கேட்டுக் கேட்டு ஊர்ந்து போகும். மீட்டெடுக்க ஒரு ஹாட்ஆட் ப்ராக்ஸியைத் தனியாகத் தயாராக வைத்திருங்கள். டிடூப்ளிகேஷன் சாதனத்திலிருந்து படிப்பது சிதறிய படிப்பு என்பதால், கடைசி சில நாட்களின் பேக்கப்பைச் சாதாரண டிஸ்க்கிலும் வைப்பது நல்லது. பேக்கப்பை லன்னுக்குப் படிப்பு உரிமை மட்டும் கொடுத்து எடுத்திருந்தால் சான் வழி மீட்டெடுப்பு நடக்கவே நடக்காது என்பதையும் இப்போதே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.

200 ஜிபி அளவுள்ள ஒரு விஎம்மைத் தேர்ந்தெடுங்கள். வேறு பெயரில், நெட்வொர்க் துண்டித்த நிலையில், அதே பகிர்வு ஸ்டோரேஜுக்கு, வேலை நேரத்தில் மீட்டெடுங்கள். எத்தனை நிமிடம் ஆனது, அந்த நேரத்தில் மற்ற விஎம்களின் லேட்டன்சி எங்கே போனது என்று குறியுங்கள். அந்த நிமிடங்களை உங்கள் மிகப் பெரிய விஎம்மின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்து, நிர்வாகத்திடம் ஒத்துக்கொண்ட நேரத்துக்குள் வரவில்லை என்றால், அடுத்த மாற்றம் எழுதும் இடத்தில் தொடங்கட்டும்.